அருள் கூலி அல்ல: இறையருளைப் பெறுவதும் பகிர்வதும் எப்படி?

சேலம் நாலு ரோட்டில் குழந்தை இயேசு பேராலயத்தில் செபமாலை சொல்கிறவர்கள் 'அருள் நிறைந்த மரியே' என்கிறார்கள். அதே ஊரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் ஆராதனை முடியும்போது, 'கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவினுடைய கிருபையும், தேவனுடைய அன்பும், பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும்' என்று ஆயர் ஆசி கூறுகிறார். பாட்டி காலத்துக் கத்தோலிக்க செபப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதில் 'இஷ்டப்பிரசாதம்' என்று அச்சாகியிருக்கும். அருள், கிருபை, இஷ்டப்பிரசாதம் மூன்றும் ஒரே சொல்லின் மூன்று மொழிபெயர்ப்புகள். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் அந்தச் சொல் 'காரிஸ்'. வாங்குகிறவரின் தகுதியைப் பார்க்காமல், கொடுக்கிறவர் தம் நல்ல மனத்தினாலேயே தருகிற தயவு என்று பொருள்.

'அருள்' என்ற தமிழ்ச் சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் ஆழம் உண்டு. அன்பு பெற்ற குழந்தை அருள் என்றும், பொருள் என்னும் செவிலி அதை வளர்க்கிறாள் என்றும் குறள் சொல்கிறது. தனக்கு உறவானவர்மேல் வைப்பது அன்பு, உறவில்லாதவர்மேலும் படர்வது அருள் என்று நம் மரபு பிரித்துப் பார்த்தது. கிறிஸ்தவப் போதனை இதோடு ஒன்றைச் சேர்க்கிறது. நாம் பிறர்மேல் காட்டும் அருளுக்கு முன்னால், நம்மேல் ஓர் அருள் வந்து விழுந்திருக்கிறது. வரிசை அப்படித்தான். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

புரிந்துகொள்ள எளிய வழி, அருளைக் கூலியோடு வைத்துப் பார்ப்பது. இயேசுவின் திருத்தூதரான பவுல் அதைத்தான் செய்தார்: 'கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்' (ரோமர் 4:4). வேலை செய்தவருக்குக் கூலி கொடுப்பது தயவு ஆகாது, அது கொடுத்தே தீரவேண்டிய கடன். இயேசு சொன்ன திராட்சத் தோட்ட உவமையை (மத்தேயு 20) ஏற்காட்டில் வைத்துப் பாருங்கள். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் மாலையானால் சாக்கை எடைபோட வரிசை நிற்கும். பறித்த பழத்துக்குத் தகுந்த காசு. யார் சாக்கில் எத்தனை கிலோ என்று எல்லாருடைய கண்ணும் தராசு முள்ளின்மேல் இருக்கும். உவமையில் வரும் முதலாளி விடியற்காலையில் ஆள் எடுக்கிறார், பிறகு ஒன்பது மணிக்கு, நண்பகலில், மூன்று மணிக்கு, கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் எடுக்கிறார். சம்பளம் கொடுக்கும்போது கடைசியில் வந்தவரில் தொடங்கி எல்லாருக்கும் ஒரு தெனாரியு. அது அந்தக் காலத்தில் ஒரு முழு நாள் கூலி. காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். முதலாளியின் பதில்: 'நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?'

முணுமுணுத்தவர்களை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. தராசுக் கணக்கில் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஐந்து மணிக்கு வந்தவர் வீட்டிலும் இரவு அடுப்பு எரிய வேண்டும். ஒரு மணி நேரக் கூலியில் ஒரு குடும்பம் சாப்பிட முடியாது. முதலாளி அவர் செய்த வேலையை அளக்கவில்லை, அவருடைய தேவையைப் பார்த்துக் கொடுத்தார்.

அப்படியானால் நாம் செய்ய ஒன்றுமே இல்லையா? புதிதாக விசுவாசத்துக்கு வருகிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டமே இதற்கும் பதில் சொல்லும். கோடையில் காப்பிச் செடியின் மொட்டுகள் பச்சையாக, இறுகி, அப்படியே உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரல் வாக்கில் ஒரு நல்ல மழை விழுந்தால், எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க மல்லிகை மாதிரி மணத்தோடு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு மூன்று நாளில் பூ வாடும். அதன்பின் சில வாரங்களுக்குள் இரண்டாவது மழை வராவிட்டால் பிஞ்சு சரியாகப் பிடிக்காது. இந்த மழையை எந்தத் தோட்டக்காரராலும் உண்டாக்க முடியாது. மோட்டார் வைத்துத் தெளிக்கிறவர்களும் உண்டு, அந்தத் தண்ணீரும் முன்பு பெய்த மழைதான். ஆனால் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழித்து நிழலை அளவாக வைத்தது யார்? செடியில் வேண்டாத கிளைகளை வெட்டிக் கவாத்து எடுத்தது, களை பறித்தது, உரம் வைத்தது யார்? இதையெல்லாம் செய்யாத தோட்டத்திலும் அதே மழைதான் பெய்கிறது. நிழல் அடர்ந்துபோன செடியில் மொட்டே குறைவாக இருக்கும், மழை வந்தும் பூக்க ஒன்றும் இருக்காது. கவாத்து எடுத்தவர் மழைக்கு விலை கொடுத்தவர் ஆகமாட்டார், மழையை வரவேற்கச் செடியைத் தயாராக வைத்தவர் ஆவார். செபம், உபவாசம், வேத வாசிப்பு எல்லாம் இந்தக் கவாத்துக் கத்தியின் இடத்தில் இருப்பவை.

திருச்சபை இந்த இடத்துக்கு வரப் பல நூற்றாண்டுகள் வாதாடியது. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்பவர், மனிதன் தன் மனவலிமையாலேயே பாவமில்லாமல் வாழ முடியும் என்று போதித்தார். ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீனார் அதை எதிர்த்தார். 418-இல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் கருத்தைத் தள்ளியது. 529-இல் பிரான்ஸின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி போய், விசுவாசிக்க வேண்டும் என்று நமக்குள் எழும் முதல் விருப்பமே அருளால்தான் வருகிறது என்றது. 1517-க்குப் பிறகு, சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும் கத்தோலிக்கத் திருச்சபையும் பிரிந்ததில் இந்தக் கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடம் உள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, அருளினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் அதில் ஒன்றாக அறிக்கையிட்டன. மெத்தடிஸ்ட் சபைகள் 2006-லும் சீர்திருத்த சபைகள் 2017-லும் அதில் இணைந்தன. சேலத்தில் ஒரே தெருவில் கத்தோலிக்க வீடும் சி.எஸ்.ஐ. வீடும் பெந்தெகொஸ்தே வீடும் இருக்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. 'எங்களுக்குக் கிருபை, உங்களுக்குக் கிரியை' என்று திண்ணையில் உட்கார்ந்து வாதாடுவதற்கு இனி அவ்வளவாக இடமில்லை.

பெறுவது

கத்தோலிக்கப் போதனையில் அருளின் முதன்மையான வாய்க்கால்கள் ஏழு அருளடையாளங்கள்: திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம். சி.எஸ்.ஐ. உள்ளிட்ட சபைகள் ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் ஆண்டவர் ஏற்படுத்தியவை என்று தனியாக வைக்கின்றன. மெத்தடிஸ்ட் மரபின் தந்தையான ஜான் வெஸ்லி, செபம், வேத வாசிப்பு, திருவிருந்து, உபவாசம் போன்றவற்றை 'கிருபையின் சாதனங்கள்' என்று அழைத்தார். கிருபை வருகிற வழிகள் இவை, இவற்றுக்குத் தங்களுக்குள்ளாகவே எந்தச் சக்தியும் இல்லை என்பதை அவர் அழுத்திச் சொன்னார். நற்கருணை வாங்குவதற்கு ஒவ்வொரு சபைக்கும் தனி ஒழுங்கு உண்டு. கத்தோலிக்கர் ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் உண்பதில்லை, கனமான பாவம் இருந்தால் முதலில் ஒப்புரவு செய்கிறார்கள். வேறு சபையின் நற்கருணைப் பந்திக்குப் போவதற்கு முன் அங்குள்ள பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ கேட்டுக்கொள்வது மரியாதை.

ஒப்புரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் பயந்து பயந்து வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவது இதைத்தான். மறைக்கல்வியில் கற்றுத்தரும் படிகள் ஐந்து. பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, அவற்றுக்காக மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, குருவிடம் அறிக்கையிடுவது, அவர் சொல்லும் பரிகாரத்தை நிறைவேற்றுவது. தடுமாற்றம் பெரும்பாலும் முதல் படியிலும் நான்காம் படியிலும்தான். முதல் படியில் சிலர் சின்னச் சின்ன விஷயங்களையெல்லாம் தோண்டித் தோண்டித் தங்களையே வதைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மருந்து, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஆராயாமல் நிறுத்துவது. நான்காம் படியில் சிலர் கதை சொல்கிறார்கள்: 'மாமியார் இப்படிப் பேசினாங்க, அதனாலதான் நான்...' அங்கே மாமியார் வேண்டாம். 'கோபத்தில் கடுமையாகப் பேசினேன், மூன்று முறை' என்றால் போதும். பாவமன்னிப்பு கேட்டு முடித்தபின்னும் 'மன்னித்திருப்பாரா?' என்ற சந்தேகம் விடாமல் அரித்தால், அதே பாவத்தை மறுபடி மறுபடி அறிக்கையிடாமல் ஒரே குருவிடம் தொடர்ந்து ஆலோசனை கேட்பது நல்லது.

தனிச் செபத்துக்கு ஒரு தொடக்க முறை. காலையில் பத்து நிமிஷம், இரவில் பத்து நிமிஷம். காலையில் லூக்கா 15:11 முதல் 32 வரை, ஊதாரி மகன் உவமையை எடுங்கள். மொத்தம் 22 வசனங்கள், ஒரு நாளைக்கு ஐந்து வசனம் போதும். முதலில் வாய்விட்டு மெதுவாகப் படியுங்கள். ஒரு சொல் மனத்தில் தைத்தால் அங்கேயே நில்லுங்கள். 'அவன் தூரத்தில் வரும்போதே, அவனுடைய தகப்பன் அவனைக் கண்டு' என்ற இடத்தில் பலர் நிற்பார்கள். அந்தச் சொல்லைப் பற்றிக் கடவுளிடம் நீங்கள் பேசும் வழக்கமான தமிழிலேயே பேசுங்கள். கடைசி இரண்டு நிமிஷம் எதுவும் பேசாமல் இருங்கள். வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், அமர்ந்திருத்தல் என்ற இந்த நான்கு படிகள் துறவு மடங்களில் பல நூற்றாண்டுகளாகப் பழகி வந்தவை. இதில் நடக்கும் பெரிய தவறு, அதிகமாகப் படிப்பது. ஒரே வருஷத்தில் வேதாகமம் முழுவதையும் படித்து முடிக்கும் திட்டம் அறிவுக்கு நல்லது, ஆனால் இந்தப் பத்து நிமிஷத்துக்குள் அதை நுழைக்காதீர்கள்.

இரவில் செய்வது லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை. அன்று கிடைத்தவற்றுக்கு நன்றி சொல்வது, பார்க்க வெளிச்சம் கேட்பது, காலை முதல் இரவு வரை நாளைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, தவறுக்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு காரியத்தைத் தீர்மானிப்பது. நன்றியைத் தாண்டி நேராகத் தவறுக்குப் போகிறவர்கள் ஒரு வாரத்தில் சோர்ந்துவிடுவார்கள். அருளை எண்ணத் தெரியாதவருக்கு பாவத்தை மட்டும் எண்ணத் தெரிந்தால் அது பெரிய சுமை. நன்றிக்குப் பெரிய விஷயம் தேடவேண்டியதில்லை. புதிய பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவர் இடம் விட்டுக் கொடுத்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. பெயர் சொல்லி, நேரம் சொல்லி மூன்றை எண்ணுங்கள்.

ஓர் எச்சரிக்கை. செபத்தில் கண்ணீர் வந்தால் அருள் வந்தது, வராவிட்டால் வரவில்லை என்று நினைக்காதீர்கள். உணர்ச்சி வரும், போகும். ஆறு மாதம் கழித்து வீட்டில் இருப்பவர்கள் உங்களிடம் என்ன மாற்றம் பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று கலாத்தியர் 5:22-இல் தொடங்கும் பட்டியல் அதற்குத்தான்.

இன்னொன்று, பேரம். 'என் மகனுக்கு வேலை கிடைத்தால் கோயிலுக்கு நடந்தே வருகிறேன்' என்ற நேர்ச்சையை நன்றியாகச் செய்தால் அது அழகான பக்தி. விலையாகச் செய்தால், வேலை கிடைக்காத அன்று கடவுள் நம்மை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும். காசு கொடுத்தால் விசேஷ ஆசீர்வாதம் என்று யாராவது சொன்னால் நேராக அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தைத் திறங்கள். பரிசுத்த ஆவியின் வரத்துக்குப் பணம் நீட்டிய சீமோனிடம், 'உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது' என்றார் பேதுரு.

பகிர்வது

முதல் பேதுரு 4:10-இல் ஒரு பழைய தமிழ்ச் சொல் இருக்கிறது. பெற்ற வரத்தின்படியே, தேவனுடைய பற்பல கிருபையுள்ள ஈவுகளைப் பகிர்ந்து கொடுக்கும் நல்ல 'உக்கிராணக்காரர்போல' ஒருவருக்கொருவர் உதவி செய்யுங்கள் என்கிறது அந்த வசனம். உக்கிராணம் என்றால் சரக்கு அறை. கல்யாண மண்டபத்தில் இன்றும் அந்த அறை உண்டு. அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம் எல்லாம் உள்ளே இருக்கும், சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும். சரக்கு அவருடையது இல்லை, கல்யாண வீட்டாருடையது. பந்தி நடக்கும்போது சமையல்காரர் வந்து 'இன்னும் அஞ்சு கிலோ அரிசி' என்று கேட்டால் அளந்து கொடுப்பதுதான் அவர் வேலை. தீர்ந்துபோகுமோ என்று கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பந்தி நின்றுபோகும். வாசலிலேயே வாரி இறைத்தாலும் தப்பு, இரண்டாம் பந்திக்கு இருக்காது. அருளைப் பகிர்வது என்பது இதுதான். யாரும் தன்னிடமிருந்து அருளை உண்டாக்கிக் கொடுக்க முடியாது. வந்ததைக் கைமாற்றலாம், அவ்வளவுதான்.

பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மன்னாவின் கதை (யாத்திராகமம் 16) இருக்கிறது. பாலைவனத்தில் நடந்த இஸ்ரயேல் மக்களுக்குக் கடவுள் காலையில் தந்த உணவு மன்னா. தலைக்கு ஒரு ஓமர், அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர். விடியும்வரை மிச்சம் வைத்தவர்களுடையது புழுப் பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்த்தார்கள், அது கெடவில்லை. இந்தக் கதையை பவுல் எங்கே எடுத்துச் சொல்கிறார் என்று பாருங்கள். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையில் காணிக்கை சேர்க்கும்போது (2 கொரிந்தியர் 8:15): 'மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை.' அதே அதிகாரத்தில் அந்தக் காணிக்கைக்கே அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'காரிஸ்'. கடவுளிடமிருந்து இறங்குவதற்கும் அடுத்தவருக்குக் கொடுக்கும் காசுக்கும் ஒரே சொல். பொருள் அருளுக்குச் செவிலி என்ற குறளை இங்கே மறுபடி நினைக்கலாம்.

எளிய பகிர்வு பேச்சில் தொடங்குகிறது. 'உங்கள் வசனம் எப்பொழுதும் கிருபை பொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயுமிருப்பதாக' (கொலோசெயர் 4:6). உப்பு என்று சொன்னதைக் கவனியுங்கள். இனிக்க இனிக்கப் பேசச் சொல்லவில்லை.

கடினமான பகிர்வு மன்னிப்பு. மத்தேயு 18-இல் ஒரு வேலைக்காரனுக்கு 10,000 தாலந்து கடன் தள்ளுபடி ஆகிறது. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியு, ஆக மொத்தம் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 2 லட்சம் வருஷத்துச் சம்பாத்தியம். வெளியே வந்ததும் அவன் 100 தெனாரியு தரவேண்டிய சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். இரண்டுக்கும் உள்ள விகிதம் 6 லட்சத்துக்கு ஒன்று. ஆனால் 100 தெனாரியு ஒன்றும் அற்பக் காசு அல்ல, மூன்று நான்கு மாதக் கூலி. கொலுசுப் பட்டறையிலோ தறியிலோ வேலை செய்கிறவருக்கு அது பெரிய தொகை. பிறர் நமக்குச் செய்த தீங்கு நிஜமானது, அதன் வலியும் நிஜமானது. இயேசு அதைச் சின்னதாக்கவில்லை. அதன் பக்கத்தில் அந்த 10,000 தாலந்தை வைக்கிறார்.

அதனால் மன்னிக்க விரும்புகிறவர் 'பரவாயில்லை, ஒன்றுமில்லை' என்று தொடங்கக் கூடாது. என்ன நடந்தது, என்ன இழந்தேன் என்று கடவுள்முன் பெயர் சொல்லிச் சொல்வது முதல் காரியம். பழிவாங்கும் உரிமையை விட்டுவிடுகிறேன் என்று சொல்வது அடுத்தது. ஒரே நாளில் முடியாது, கோபம் திரும்ப வரும்போதெல்லாம் மறுபடி சொல்ல வேண்டும். அந்த மனிதருக்காக ஒரு வரி மன்றாடுவது அதன் பிறகு. உறவு பழையபடி ஆவது வேறு விஷயம், அதற்கு எதிராளியின் மனமாற்றமும் வேண்டும். அடிக்கிற கணவனோடு அதே வீட்டில் இருந்தால்தான் மன்னித்ததாக அர்த்தம் என்று யாராவது சொன்னால் அது தவறான போதனை. மன்னித்துக்கொண்டே பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம், போலீசில் புகாரும் கொடுக்கலாம்.

கொடுத்துக் கொடுத்துக் காய்ந்துபோகிறவர்களும் உண்டு. சேவை செய்கிறவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள், ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்கள் இதில் சீக்கிரம் மாட்டுவார்கள். மதகைத் திறந்தே வைத்து, வரத்து வாய்க்காலைத் தூர்வாராமல் விட்ட ஏரியின் நிலைதான். எரிச்சல், தூக்கமின்மை, 'என்னைத் தவிர யாரும் செய்வதில்லை' என்ற பேச்சு ஆகியவை முதல் அறிகுறிகள். எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டு ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்தபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். பயணம் அதற்கப்புறம்தான். சோர்ந்தவர் முதலில் ஒரு வாரம் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கட்டும்.

முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும். காலையும் இரவும் அந்தப் பத்துப் பத்து நிமிஷம். ஞாயிறு ஆராதனை அல்லது திருப்பலி. வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒருவருக்கு, திருப்பிக் கொடுக்க முடியாதவருக்கு, ஒரு காரியம்: ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்வது, பள்ளிக்கூடப் பையனுக்கு நோட்டு வாங்கித் தருவது, பேச ஆளில்லாத முதியவரோடு அரை மணி நேரம். போட்டோ எடுக்க வேண்டாம், குழுவில் போட வேண்டாம். நடுவில் இரண்டு நாள் செபம் விட்டுப்போனால் அந்த நிமிஷங்களைக் கூட்டி மூன்றாம் நாள் நிலுவை கட்டாதீர்கள். அன்றைக்குரிய பத்து நிமிஷத்தில், விட்ட வசனத்திலிருந்து தொடங்குங்கள்.